முறிந்த ஸ்டட்டும் பத்தரின் படிகாரமும்

முறிந்த போல்ட்டை எடுப்பதற்கென்றே கடைகளில் விற்கும் ஈஸி அவுட் என்ற கருவியை நான் நம்புவதில்லை. இதைச் சொன்னால் மெக்கானிக்குகள் சிரிக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு அது கைகொடுத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. எட்டு எம்எம் போல்ட் ஒன்று கழற்றும்போது முறிகிறது என்றால், மரையின் பிடி அந்தப் போல்ட்டின் வலுவைவிட அதிகம் என்று பொருள். இப்போது அதன் நடுவில் ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் அதைவிட மெல்லிய கம்பி ஒன்றை இடப்புறமாகத் திருகி, போல்ட்டால் தாங்க முடியாததை அந்தக் கம்பி தாங்கிவிடும் என்று எதிர்பார்க்கிறோம். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. எட்டு எம்எம் போல்ட்டில் மரையின் அடிவிட்டம் சுமார் ஆறரை மில்லிமீட்டர். ஈஸி அவுட்டின் கழுத்து மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே தரத்து உருக்காக இருந்தால், போல்ட் தாங்கியதில் ஆறில் ஒரு பங்கைக்கூட இது தாங்காது. ஈஸி அவுட்டின் உருக்கு மூன்று மடங்கு வலுவானது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் பாதி தேறாது. போதாக்குறைக்கு அது கூம்பு வடிவம். திருகத் திருக, முறிந்த துண்டை உள்ளிருந்தே விரித்து மரையோடு இன்னும் இறுக்குகிறது.

பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது சுலபம், கிரீஸ் படிந்த கையோடு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவனுக்கு அவ்வளவு சுலபமல்ல என்று எங்கள் மெக்கானிக் அடிக்கடி சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வாக்குவாதம் எங்களுக்குள் வெகுநாளாக நடந்துகொண்டிருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து ரைஸ்மில் ஒன்றில் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த பழைய புல்லட்டை நான் வாங்கி வந்ததும் அது பேச்சோடு நிற்காமல் போயிற்று.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருவொற்றியூரில் செய்த 350 சிசி, எழுபதுகளின் வண்டி. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், வார்ப்பிரும்புப் பிளாக், அதன் மேல்மூடியாக அலுமினிய ஹெட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்பிரஷன் லீவரைப் பிடித்து உதைக்கத் தெரியாதவன் கணுக்காலைப் பறிகொடுக்க வேண்டியதுதான். மில்காரர் விலையைக் குறைக்கவில்லை. ஆனால் பேப்பர் சுத்தமாக இருந்தது. வண்டி ஓடவும் செய்தது, ஒரே ஒரு குறையைத் தவிர. ஐடிலிங் நிலைக்காது. புல்லட்டுக்கு அழகே அந்த நிதானமான துடிப்புதான். இதுவோ சூடேறிய பிறகு தானாகவே உறுமும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் இறங்காது, பிறகு சட்டென்று அணைந்துவிடும். கார்புரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் மெக்கானிக் கொஞ்சம் எண்ணெய் தெளித்தார். உடனே சத்தம் மாறியது. “காற்று இழுக்கிறது சார். பெட்ரோலோடு சேர வேண்டிய அளவுக்கு மேல் காற்று போகிறது. எப்படியும் பிஸ்டன் போட ஹெட்டை இறக்கத்தானே போகிறோம், பார்த்துவிடலாம்” என்றார்.

ஒட்டவைத்த நட்

புல்லட்டின் கார்புரேட்டரை ஹெட்டோடு பிடித்திருப்பவை இரண்டே ஸ்டட்டுகள், அதாவது இரு முனையிலும் மரை வெட்டிய, தலையில்லாத போல்ட்டுகள். வலப்பக்கத்து நட் ஸ்பேனருக்கு முறையாக அசைந்து கொடுத்தது. இடப்பக்கத்து நட்டின் மேல் ஸ்பேனரை வைத்ததுமே அது கையோடு வந்துவிட்டது. ஸ்டட்டும் இல்லை, மரையும் இல்லை. எம்-சீலைக் குழைத்து, முறிந்த இடத்தின் மேல் அப்பி, அதன் மேல் நட்டை உட்காரவைத்து, கறுப்புப் பெயின்ட் தடவியிருந்தார்கள். வேலை அத்தனை நேர்த்தியாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாஷர்கூட இருந்தது. மிஞ்சிய ஒரே ஸ்டட்டை நம்பி அதை மட்டும் இறுக்கு இறுக்கென்று இறுக்கியதில் கார்புரேட்டரின் முகப்பு வளைந்து, அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று போய்க்கொண்டிருந்தது.

எம்-சீலைச் சுரண்டியபோது கீழே தெரிந்தது இரண்டாவது அதிர்ச்சி. முறிந்த ஸ்டட் ஹெட்டின் முகப்பிலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. அதன் நடுவில் ஓட்டை. ஓட்டையும் நட்டநடுவில் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் சாம்பல் நிறத்தில், நான்கு பட்டைகளோடு, முறிந்துபோன ஈஸி அவுட் ஒன்று. டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் முறிவு முகம் மட்டும் சர்க்கரைப் படிகம் மாதிரி மின்னியது. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லாத நேரங்கள் சில வாழ்க்கையில் வரும். அதை வீணாக்கக் கூடாது.

ஸ்டட் முறிந்த காரணம் அப்புறம்தான் புரிந்தது. நன்றாக இருந்த வலப்பக்கத்து ஸ்டட்டைக் கழற்றி, மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தோம். 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 22 மரை. பிரிட்டிஷ் ஃபைன் கணக்கு. நம் நாட்டில் மெட்ரிக் சட்டம் 1956-ல் வந்தது, 1957-ல் அணா போய் நயா பைசா வந்தது. ஆனால் புல்லட் மட்டும் அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்குலத்திலேயே வாழ்ந்தது. 1841-ல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்துக் கொடுத்த 55 டிகிரி மரையின் வம்சம் அது. மெட்ரிக் மரையோ 60 டிகிரி. இடப்பக்கத்துத் துளையில் முறிந்த துண்டுக்கு மேலே தெரிந்த மரையில் கேஜை வைத்தபோது 1.25 மில்லிமீட்டர் பல் கச்சிதமாகப் பொருந்தியது. யாரோ அங்குலத் துளைக்குள் எட்டு எம்எம் ஸ்டட்டைத் திருகியிருக்கிறார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால், கைக்கு அது சரியாகவே தோன்றும். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். எட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் உணர முடியாது. முதல் சுற்று வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அங்குல மரையில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 1.15 மில்லிமீட்டர், மெட்ரிக்கில் 1.25. ஒவ்வொரு பல்லுக்கும் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தள்ளிப்போய், ஐந்தாவது பல்லில் அரை மில்லிமீட்டர் பிசகிவிடும். அங்கே கனக்கத் தொடங்கும். “துரு பிடித்திருக்கிறது போல” என்று நினைத்து ஸ்பேனரில் பைப்பைச் செருகினால் உருக்கு அலுமினியத்தை உழுதுகொண்டு உள்ளே போகும். அதற்கப்புறம் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. இடையில் முறிவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. முறிந்த முகத்தில் சுழல் சுழலாக இழுபட்ட தடம் இருந்ததும் அதைத்தான் சொன்னது. பல வருடம் அதிர்ந்து களைத்து முறிந்த போல்ட்டின் முகம் வேறு மாதிரி இருக்கும். பாதி வழவழப்பாகவும் பழைய துருவோடும், மீதி சொரசொரப்பாகவும். அப்படி முறிந்ததன் மிச்சம் பெரும்பாலும் லூசாகவே உள்ளே இருக்கும், விரலால் தள்ளினால்கூடச் சில சமயம் சுற்றும். ஈஸி அவுட் பிழைப்பு நடத்துவது இந்த இரண்டாவது வகையை வைத்துத்தான் என்பது என் சந்தேகம். முதல் வகைக்குப் போய்ப் பேர் கெட்டுத் திரும்புகிறது.

ஹெட்டோடு ஒரு நகர்வலம்

புதிய ஹெட் வாங்கிவிடலாம் என்பதுதான் மெக்கானிக்கின் முதல் யோசனை. எனக்கும் சபலம் இல்லாமல் இல்லை. ஆனால் வார்ப்பு அருமையாக இருந்தது. வால்வு சீட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு விரல்கடைத் துளைக்காக அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. வழக்கமான வைத்தியமெல்லாம் செய்து பார்த்தோம். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். சூடுகாட்டினோம். அலுமினியம் உருக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பது உண்மைதான். ஆனால் எட்டு மில்லிமீட்டர் துளையில் 130 டிகிரி சூடேற்றினாலும் கிடைக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். சாதாரணத் துருவுக்கு அது போதும், உழுது பொதிந்த மரைக்கு எந்த மூலைக்கு? மேலே நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகலாம் என்றால் துண்டு ஆழத்தில் இருந்தது. பக்கத்திலேயே இன்டேக் துவாரத்தின் மெல்லிய சுவர். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். வெல்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஹெட்டுக்கு நான் பொறுப்பில்லை என்று சொன்னால் செய்கிறேன்” என்றார். நேர்மையானவர்.

ஹெட்டைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதூர் தொழிற்பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்து “கறிக்கடையா?” என்று கேட்டார். கனம் அப்படி. டி.வி.எஸ். பஸ் விடத் தொடங்கிய ஊர் இது. மோட்டார் வேலை தெரிந்த கைகளுக்கு மதுரையில் என்றைக்கும் பஞ்சமில்லை. லேத் பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். துளையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மிச்சம் ஸ்டட் மட்டும் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை என்றார். ஹெட்டை மில்லிங் மேசையில் பூட்டி, நடுவைக் கண்டுபிடித்து, மரையின் அடிவிட்டத்துக்குத் துளைத்துவிட்டால், மிச்சம் மெல்லிய ஓடாக நிற்கும். ஊசியால் மடக்கி எடுத்துவிடலாம். ஆனால் உள்ளே ஈஸி அவுட் இருக்கும்வரை எந்த ட்ரில் பிட்டும் அதைத் தொட முடியாது. பிட்டுக்கு நிகரான கடினம் அதற்கு. பிட் அதில் வழுக்கி, பக்கத்தில் மெத்தென்றிருக்கும் அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். “போல்ட் முறிந்தால் அது போல்ட்டின் கோளாறு. ஈஸி அவுட் முறிந்தால் அது நம்முடைய கோளாறு, இல்லையா சார்?” என்று சிரித்தார். கார்பைடு கட்டர் போட்டு நோண்டலாம், ஆனால் சாய்ந்த துளையில் கார்பைடும் முறிந்தால் அவ்வளவுதான். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் மெஷினில் கொடுத்தால் சுத்தமாக வந்துவிடும். அச்சு செய்கிறவர்கள் கோயம்புத்தூரில் வைத்திருக்கிறார்கள், அனுப்பி வாங்கலாம் என்றார். அதுதான் சரியான வழி. நானும் அனுப்பியிருப்பேன், இடையில் என் மனைவியின் தோடு குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

தெற்காவணி மூல வீதியில்

தோட்டின் திருகாணி மரை தேய்ந்து நிற்காமல் போயிருந்தது. அதைக் கொடுக்கத் தெற்காவணி மூல வீதியில் பெரிய நகைக்கடைகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், மாடிப்படிக்கு அடியில் பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் போனேன். இவர்கள் கடைகளுக்கு வேலை செய்கிறவர்கள், பெயர்ப்பலகை இருக்காது. பொடித் துகள்கூட வீணாகாதபடி மடியில் தோல் விரிப்பு, எதிரில் பட்டறைக்கல், ஊதுகுழல், சாமணம். என் மனைவி தோட்டைக் கொடுத்துவிட்டுக் கூலி பேசிக்கொண்டிருந்தார். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தர் ஒரு வளையலின் கீல் துளைக்குள் எதையோ உற்றுப் பார்த்துவிட்டு, அதை ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மின்அடுப்பின் மேல் வைத்தார். கிண்ணத்தில் இருந்த தண்ணீரில் வளையலைச் சுற்றி ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும் கொடிபோல மெல்லிய குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன.

“அது என்ன ஐயா?” என்றேன்.

“ட்ரில் கம்பி உள்ளே முறிந்துவிட்டது தம்பி. ஒரு மில்லிமீட்டர் கம்பி. நோண்டினால் தங்கம் போய்விடும். படிகாரத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் இரும்பு கரைந்துவிடும், தங்கத்தை அது தொடாது.”

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. அலுமினியத்தைத் தொடுமா என்று கேட்டேன். பத்தர் யோசித்தார். “நான் போட்டதில்லை. வெள்ளியில் போட்டிருக்கிறேன், பித்தளையில் போட்டிருக்கிறேன். அலுமினியத்தில் நமக்கு என்ன வேலை? படிகாரத்தைக் காய்ச்ச அலுமினியப் பாத்திரம் வைத்திருந்த ஆளைத் தெரியும், பாத்திரம் ஓட்டையாகவில்லை.” அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் உறுதி சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கைவினைஞரிடம் எனக்கு எப்போதும் ஒரு மயக்கம் உண்டு.

மறுநாள் பள்ளியில் வேதியியல் ஆசிரியையிடம் கேட்டேன். படிகாரம் என்பது பொட்டாசியமும் அலுமினியமும் சேர்ந்த சல்பேட் உப்பு. தண்ணீரில் கரைந்தால் மிதமான அமிலமாகிறது. இரும்பு அதில் கரைந்து இரும்பு சல்பேட்டாகும். குமிழிகளாக வருவது ஹைட்ரஜன். அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடுப் படலம் ஒன்று இருக்கிறது. அது அத்தனை சீக்கிரம் விட்டுக்கொடுக்காது, மேல்முகம் கொஞ்சம் மங்கலாம் என்றார். சூட்டில் படிகாரம் பல மடங்கு அதிகமாகக் கரையும், அதனால் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருங்கள் என்றும் சொன்னார். குரோமியம் நிறைந்த ஸ்டெயின்லெஸ் உருக்கு மட்டும் அசையாது.

எனக்கு உறுத்தியது வேதியியல் அல்ல. மெக்கானிக் பட்டறையிலிருந்து பத்தரின் சந்துக்கு நடந்தே போய்விடலாம். ஒருவர் முறிந்த இரும்பை எடுக்கத் தலையை உடைத்துக்கொள்கிறார், இன்னொருவர் அதே இரும்பைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறார். மதுரையில் தெருவுக்கு ஒரு தொழில் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தொழில் தெருவோடு நின்றுபோன கதையை யாரும் சொல்வதில்லை. பத்தர் வீட்டுப் பையன் பத்தராகவே ஆன காலத்தில் அந்தப் படிகாரக் கிண்ணம் சந்தை விட்டு வெளியே வர வழியே இருந்திருக்காது. இன்றைக்குப் பத்தரின் மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான் என்றார். அவனோடும் அது போகவில்லை.

துளைக்கு மேல் ஒரு குழாய்

மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பலாமா என்று கேட்டேன். பட்டறைப் பையன் சிரித்துக்கொண்டே நிலைவாசலைக் காட்டினான். திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் எலுமிச்சைக்கும் மிளகாய்க்கும் மேலே முஷ்டி அளவுப் படிகாரக் கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற மெக்கானிக் சம்மதிக்கவில்லை, கடையில்தான் வாங்கினோம். கால் கிலோ என்றதும் நாட்டு மருந்துக் கடைக்காரர் “குளத்துத் தண்ணீரைத் தெளியவைக்கவா?” என்று கேட்டார்.

முதலில் பழைய பிஸ்டன் ஒன்றில் உருக்குத் திருகு ஒன்றை இறுக்கி, அதில் சோதித்துப் பார்த்தோம். திருகு கறுத்து மெலிந்தது, பிஸ்டன் மங்கியதோடு சரி. ஆனால் ஹெட்டை அப்படியே முக்க முடியாது. வால்வு சீட்டும் கைடும் இரும்பு. ஈஸி அவுட்டைத் தின்னும் தண்ணீர் அவற்றையும் தின்னும். இதைப் பிடித்தது மெக்கானிக்தான், நானல்ல. துளையைச் சுற்றி மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். பழைய டிவி ஆன்டெனாவின் அலுமினியக் குழாயில் ஒரு சாண் வெட்டி, அதைத் துளைக்கு மேல் நிறுத்தி, அடியில் சூடு தாங்கும் சிலிக்கான் கேஸ்கட் பசையால் ஒட்டினார். ஒரு நாள் காயவிட்டோம். ஹெட்டைத் துளை வானம் பார்க்கும்படி, மணல் நிரப்பிய இரும்புச் சட்டியில் பாதி புதைத்து, சட்டியை அடுப்பில் சிம்மில் வைத்தோம். மற்ற இடங்களில் தண்ணீர் சிந்தினால் என்ன செய்வது என்று சீட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் பூசினார். குழாய்க்குள் ஊசி சிரிஞ்சால் சூடான படிகாரக் கரைசல்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு குழாய்க்குள் காதை வைத்துக் கேட்ட பையன் “சோடா மாதிரி சத்தம் வருகிறது” என்றான். கரைசல் காலையில் தெளிவாக இருந்தது, மாலையில் தேநீர் நிறமாகிவிட்டது. அதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அடியில் கரி மாதிரி கறுப்பு வண்டல் படிந்து குமிழியை அடைத்துக்கொள்ளும், அதைக் கம்பியால் கிளற வேண்டும். இந்த வேலைக்கு அவசரம் ஆகவே ஆகாது. பட்டறையில் மற்ற வண்டிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. பையன் வேலைக்கு நடுவே வந்து கரைசலை மாற்றுவான். மெக்கானிக் மட்டும் பார்க்காததுபோல் நடமாடிக்கொண்டு, யாரும் கவனிக்காத நேரத்தில் குழாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். இப்படியே நாட்கள் போயின. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் பழைய பல் மருத்துவர் ஊசி ஒன்றை வைத்து ஈஸி அவுட்டைக் குத்திப் பார்த்தார். ட்ரில் பிட்டையே மழுங்கவைத்த அந்த உருக்கின் ஓரம் பொலபொலவென்று உதிர்ந்தது. இன்னும் ஓரிரவு விட்டு, ஞாயிற்றுக்கிழமை தட்டியபோது, நான்கு பட்டையும் தேய்ந்து பென்சில் முனை மாதிரியான ஒரு கறுப்புக் குச்சி ஹெட்டைக் கவிழ்த்ததும் விழுந்தது. அதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

லேத் பட்டறைக்காரர் சொன்ன பத்து நிமிட வேலை அரைமணியில் முடிந்தது. மேசையில் ஹெட்டைப் பூட்டி, சாய்ந்த துளையைப் பொருட்படுத்தாமல் உண்மையான நடுவைப் பிடித்து, எண்ட் மில்லால் நேராக இறக்கினார். மெல்லிய ஓடாக நின்ற பழைய ஸ்டட்டை ஊசியால் மடக்கி இழுத்தபோது மரை அப்படியே சுருள்கம்பியாக வந்தது. துளைக்குள் மிஞ்சியது மரை என்று சொல்லத் தகுந்ததல்ல.

இங்கே இன்னொரு சச்சரவு. துளையை எந்த மரையில் மீட்பது? புல்லட் பைத்தியங்களின் வேதப்படி 5/16 அங்குலமே திரும்ப வர வேண்டும். எனக்கும் அந்தப் பக்திதான் இருந்தது. மெக்கானிக் ஒரே கேள்வி கேட்டார்: “சார், கொடைக்கானல் மலையில் நட் விழுந்துவிட்டால் 22 மரை நட்டுக்கு எங்கே போவீர்கள்?” யோசித்துப் பார்த்தால், இந்த ஹெட்டை நாசமாக்கிய அந்த முகம் தெரியாத ஆளும் இதையேதான் நினைத்திருக்க வேண்டும். எந்த ஊரிலும் கிடைக்கும் எட்டு எம்எம் போடலாம் என்று அவன் எடுத்த முடிவில் தப்பில்லை. அதற்கு முன்னால் துளையில் டேப் விட்டு மரை வெட்டவில்லை, அவ்வளவுதான். அதுவரை அவனை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. நட்டை எம்-சீலில் ஒட்டியதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. முறிந்துவிட்டது என்று மில்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் திட்டியிருப்பார், வண்டி பிழைத்திருக்கும்.

கடைசியில் இரண்டு துளையிலும் எட்டு எம்எம் ஹெலிகாயில் போட்டோம். சுருள்கம்பி மரை, அலுமினியத்தில் வெறும் மரையைவிட நன்றாகப் பிடிக்கும், அடுத்தவன் பல தடவை கழற்றினாலும் எளிதில் தேயாது. வளைந்த கார்புரேட்டர் முகப்பைக் கண்ணாடியின் மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தினோம். புது பேக்கிங், இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கல். வண்டி இப்போது சிக்னலில் நிற்கும்போது துடிப்பை எண்ணிவிடலாம். பத்தரிடம் போய்ச் சொன்னேன். “அலுமினியம் தாங்கிற்றா?” என்று மட்டும் கேட்டார். தோட்டுக்கான கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

ஈஸி அவுட் வாக்குவாதத்தில் நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது, ஒத்தக்கடைப் பக்கம் விழுந்த ஸ்ப்ளெண்டர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கல்லில் அடிபட்டு ஃபுட்ரெஸ்ட் போல்ட்டின் தலை வெட்டியதுபோல் போயிருந்தது. மெக்கானிக் துண்டை விரல் நகத்தால் அசைத்துப் பார்த்தார். டிராயரைத் திறந்து ஈஸி அவுட் பெட்டியை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தபடியே நடுவில் சின்னதாகத் துளைத்தார், கருவியை வைத்தார், இரண்டு விரலால் திருப்பினார். வெண்ணெயில் முடி எடுப்பதுபோல வந்துவிட்டது. “சார், படிகாரம் வாங்கிவரச் சொல்லட்டுமா?” என்றார்.